அறுபது ஆம்பியர்

சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் நின்ற விளக்குகள் மூன்றாவது தடவையாக அணைந்தன. மின்விசிறி சோர்ந்து நின்றது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரெமலின் கையிலிருந்த காபித் தட்டை ரொட்டி டப்பாவின் மேல் வைத்துவிட்டுக் கத்தினாள்.

"சித்தப்பா!"

சவப்பெட்டிக்குப் பின்னால் தொங்கிய வெள்ளைத் திரையை விலக்கிக்கொண்டு பெர்திங்கின் வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. வாயில் ஒரு துண்டு வயரைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணுமே பண்ணலை இந்தாய். சார்ஜரைச் சொருகினேன், அவ்வளவுதான்."

அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. சித்தப்பாவுக்கு இன்னும் அவள் 'இந்தாய்'தான், தெருவில் விளையாடும் சின்னப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல.

"காலையிலயும் அவ்வளவுதான் பண்ணினேன்னீங்க."

"காலையில மாட்டினது பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டின பவர் சப்ளை. பாட்டுல ரெண்டு தாள அடி விழுந்ததும் அது தானா அணைஞ்சுக்கிச்சு. இது வேற. இது லாரி பாட்டரி. சார்ஜரை இந்தப் பக்கம் மாட்டி, ஆம்ப்ளிபையரை அந்தப் பக்கம் மாட்டினா, வண்டியில ஓடற மாதிரியே ஓடும்."

"வண்டியில சவப்பெட்டி இல்ல சித்தப்பா. சாதம் வடிக்கிற குக்கரும் காபி அண்டாவும் இல்ல. எல்லாம் ஒரே லைன்ல ஓடுது."

"அப்ப குக்கரை நிறுத்தச் சொல்லு."

"இருபது பேருக்குச் சாப்பாடு போடணும். பாட்டரி மூடியெல்லாம் வேற திறந்து வச்சிருக்கீங்க. பக்கத்துல மெழுகுவர்த்தி எரியுது."

"என்ன, வெடிக்கவா போகுது?"

"வெடிக்கும்னுதான் அண்ணன் சொல்றான்."

பெர்திங் மெழுகுவர்த்தியைப் பார்த்தார், பாட்டரியைப் பார்த்தார், பிறகு மெழுகுவர்த்தியை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

சவப்பெட்டிக்கு நேரெதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா பசீத்தா, ஓலை விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "உசுரோட இருந்த காலம் பூரா அந்த ஆளு குடுத்த தலைவலி போதாதா? இப்ப தம்பி வேற கிளம்பிட்டான்."

ரெமலின் வெளியே போய், விழுந்திருந்த மெயின் சுவிட்சுக் கட்டையை மேலே தூக்கிவிட்டாள். விளக்கு வந்தது. ஜெபமாலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. திரும்பி வரும்போது செருப்பின் அடியில் கடலைத் தோலும் உரித்த வயரின் நீலத் தோலும் சேர்ந்து நொறுங்கின. சவம் வீட்டில் இருக்கிறவரைக்கும் பெருக்கக் கூடாது. நான்கு நாள் குப்பை. நாளைக் காலை பத்து மணிக்கு அப்பா வீட்டைவிட்டுப் போன பிறகுதான் துடைப்பத்தைத் தொட முடியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவோடு வண்டி ஓட்டிய லா பாஸ் தடத்து ஓட்டுநர்கள். முந்தின நாள் மத்தியானம் பன்னிரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். சவப்பெட்டியின் முன்னால் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் பெரியவரான குலாஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்: "கிளம்பறதுக்கு முன்னாடி டோரோவோட பாட்டு செட்டு ஒரு தடவை பாடினா நல்லா இருக்கும். நாங்கெல்லாம் அதைக் கேட்டுத்தான் வழி விடுவோம். ஒரே ஒரு பாட்டு." அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சித்தப்பா, "அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன்" என்றுவிட்டார்.

அப்பா எலியோடோரோ என்ற டோரோ முப்பத்தொரு வருடம் ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டினார். நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்கு அவருடைய பச்சை வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே நெஞ்சில் பட்டுவிடும். பின் சீட்டின் அடியில் இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த மரப்பெட்டி, ஓட்டுநர் சீட்டின் கீழே ஆம்ப்ளிபையர், முன்னால் பிளேயர். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் அந்த வண்டிக்காகவே இரண்டு வண்டியை விடுவார்கள். ரெமலின் மட்டும் அந்த வண்டியைப் பார்த்தால் தெரு மாறிப் போய்விடுவாள். "உங்கப்பா வராரு, காதைப் பொத்திக்கோ" என்று ஒரு வாத்தியாரே வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டியதான பிறகு வண்டியை விற்றார். வாங்க வந்தவன் செட்டையும் சேர்த்துக் கேட்டான். அப்பா ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையாலேயே திருகாணி திருகாணியாகக் கழற்றி எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கொண்டுவந்த பிறகுதான் வீட்டில் இருப்பது இருநூற்றிருபது வோல்ட், செட்டுக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட் என்பது பிரச்சினையாகியது. நடுவில் ஒரு பெட்டி வேண்டும். பவர் சப்ளை.

அதிலிருந்து ஆறு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ரெமலின் மருந்துக்கடையில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, வீங்கின காலோடு உள்ளே நுழைவாள். அப்பா ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு வைத்திருப்பார். "இதைப் பாரும்மா, ஆம்ப்ளிபையர்ல ரெண்டு பியூஸ், ஒவ்வொண்ணும் முப்பது. ஆக அறுபது ஆம்பியர். அதுக்குக் குறைஞ்சு எடுத்தா அடி விழும்போது மூச்சு வாங்கும்." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே "சரிப்பா" என்பாள். "சரின்னா எப்ப?" என்பார். உப்பைக் குறைக்கச் சொன்னால் கேட்காதவர், தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னால் கேட்காதவர், ஆம்பியர் என்றால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

கடைசியில் ஒருநாள் அவள் நகரத்துக்குப் போய் ஒன்று வாங்கி வந்தாள். பத்து ஆம்பியர். கடையில் இருந்ததிலேயே சின்னது. கடைக்காரி போதாது என்று சொன்னாள். போதாது என்பதற்காகத்தான் ரெமலின் அதை எடுத்தாள்.

மாட்டின அன்றைக்கே, முதல் அடியில் செட்டு விக்கி நின்றது. மறுபடி போட்டால் மறுபடி நின்றது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து, "ஸ்பீக்கர் பெட்டியில காயில் எரிஞ்சு போச்சும்மா, பழசில்ல" என்றார். அதன்பிறகு பிளேயரில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் மட்டும் மாட்டிக்கொண்டு, படுக்கைக்குப் பக்கத்தில் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய பெட்டி, மாத்திரை டப்பாக்கள் வைக்கிற மேஜையாகிவிட்டது. வீடு அமைதியானது. அவள் தூங்கினாள்.

"இந்தாய், இங்க வா. ஒரு அதிசயம் பாரு."

பெர்திங் ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பிப் போட்டிருந்தார். சுவர்க்கடிகாரத்திலிருந்து எடுத்த சின்ன பாட்டரியின் இரண்டு முனையிலும் வயரைத் தொட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். 'டப்' என்று அட்டைக்கூம்பு முன்னால் குதித்தது. அடுத்ததில் வைத்தார். அதுவும் குதித்தது.

"யாரு சொன்னது எரிஞ்சு போச்சுன்னு? நேத்து வாங்கின மாதிரி இருக்கு."

"அப்பாதான் சொன்னார்."

"முப்பது வருஷம் வயரோட பொழங்கின மனுஷன். இது எரிஞ்சதா எரியலையான்னு அவருக்குத் தெரியாதா?"

ரெமலின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா விசிறிக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் அடித்தது. அண்ணன் ரோமல். சரக்குக் கப்பலில் மின்பொறியாளன், எங்கேயோ தென் அமெரிக்கப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறான். மாற்று ஆள் வராமல் இறங்க முடியாது. படத்தில் அவன் முகம் உறைந்து, விட்டு விட்டு நகர்ந்தது.

"பாட்டரியைக் கழட்டியாச்சா?"

"சித்தப்பா கேக்க மாட்டேங்கறார்."

"மூடின ரூம்ல பாட்டரியை சார்ஜ் போடக் கூடாது, கேஸ் வரும்னு சொல்லு. நீ கடைக்குப் போய் நல்லதா ஒண்ணு வாங்கு. அறுபது ஆம்பியர். தொடர்ந்து ஓடறப்பவும் அறுபது தாங்கணும், அட்டையில எழுதியிருக்கறதை நம்பாதே. உள்ள விசிறி இருக்கணும்."

"அண்ணே, அப்பா முகத்தைக் காட்டட்டுமா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் போனைச் சவப்பெட்டிக் கண்ணாடியின் மேல் நீட்டினாள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பவுடர், சவரம் பண்ணின தாடை. கப்பலில் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. வெகுநேரம் வந்தது.

"ரெமி."

"சொல்லு."

"அந்த ஆம்ப்ளிபையரோட பின்பக்கத்தைக் காட்டு. பியூஸ் என்ன நெறம்னு பாக்கணும்."

அவள் காட்டினாள். பச்சை என்றான். பச்சை என்றால் முப்பது. அப்பா சொன்னது சரிதான் என்றான். பிறகு சிக்னல் போய்விட்டது.

வெளியே வெயில் கொளுத்தியது. வந்தவர்களை வீட்டார் வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது என்பதால், பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியை அதற்காக நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ரெமலின் ஜீப்னி பிடித்து நகரத்துக்குப் போனாள். நான்கு நாளாக அழவில்லை என்பது அவளுக்கு வண்டியில்தான் ஞாபகம் வந்தது. எங்கே நேரம்? ஞாயிற்றுக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கஞ்சி ஆறுகிறது என்று மூன்று தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை. "பாட்டுப் போட்டுக்கிட்டா காதே கேக்காதா உங்களுக்கு?" என்று கத்திக்கொண்டே திரைச்சீலையை விலக்கினாள். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. குனிந்து காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பெரிய பெட்டியின்மேல் கையை ஊன்றி, எழுந்திருக்கப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு டாக்டர், சான்றிதழ், சவப்பெட்டிக் கடை, பாதிரியார், ரொட்டி, காபி, சித்தப்பா.

கடையில் கூட்டம் இல்லை. லீலெட் மேடம் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னை எனக்குத் தெரியும். பத்து ஆம்பியர் பொண்ணு."

"மேடம்?"

"போன வருஷம் வந்தே. இருக்கறதுலயே சின்னது குடுங்கன்னே. நான் கடை வச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. பவர் சப்ளையில இருக்கறதுலயே சின்னது வேணும்னு கேட்டவ நீ ஒருத்திதான். எப்படி மறக்கும்? இப்ப என்ன வேணும்?"

"பெருசு வேணும்."

"அப்பாடா, புத்தி வந்துச்சா. என்னென்ன மாட்டப் போறே?"

ரெமலின் போனில் எடுத்துவந்த படங்களைக் காட்டினாள். லீலெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டு முப்பது பியூஸ். பாட்டுங்கறது எப்பவும் ஒரே இழுப்பா இழுக்காது. பாதி சத்தத்துல கேக்கறதா இருந்தா முப்பதே போதும். வீட்டுல வச்சு எவ்வளவு சத்தமா கேப்பீங்க?"

"முழுசா."

"முழுசாவா? தெருவே திரண்டு அடிக்க வரும்மா."

"நாளைக்கு ஒரு பாட்டுதான் மேடம். பத்து மணிக்கு எடுக்கறாங்க. அப்பாவை."

லீலெட் கையிலிருந்த முள்கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பச்சைத் தொப்பி போட்டவரா? ஒல்லியா, கையில கட்டோட?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வந்தாரே. நீ வாங்கிட்டுப் போன அடுத்த வாரம். அரிசிப் பையில அந்தச் சின்னதைப் போட்டுத் தூக்கிட்டு வந்தார். அடி தாங்கலை, மாத்திக் குடுங்கன்னார். மாத்தறதுல எனக்கொண்ணும் கஷ்டமில்லை, இந்த அறுபதை எடுத்து மேஜைமேல வச்சேன்." அவள் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினாள். "வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம். வாய் நிக்கலை. 'உங்க பொண்ணுகிட்ட அன்னைக்கே சொன்னேன், இது போதாதும்மான்னு. தெரிஞ்சேதான் வாங்கிட்டுப் போனா'ன்னேன்."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தபடி நின்றது. ரெமலின் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னார்?"

"அதோ அந்த ஸ்டூல்ல உக்காந்தார். 'தெரிஞ்சேவா'ன்னு கேட்டார். ஆமான்னேன். கொஞ்சம் பொறுத்து, 'அவ பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பாக்கறா'ன்னார். நான் அதைக் கேக்கவே இல்லை, அவரா சொன்னார். அப்புறம் இந்த அறுபதை என் பக்கம் தள்ளி விட்டுட்டு, 'இந்தப் பத்துல என்ன ஓடும், சொல்லுங்க'ன்னார். பெட்டியையும் ஆம்ப்ளிபையரையும் கழட்டிடுங்க, பிளேயரே ரெண்டு சின்ன ஸ்பீக்கரை இழுக்கும், ஆனா சன்னமாத்தான் கேக்கும்னேன். சன்னமாவே இருக்கட்டும்னுட்டுப் பையைத் தூக்கிட்டுப் போனார்."

ரெமலினுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? ஏண்டி இப்படிப் பண்ணினே என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? உப்புக்கு, தண்ணிக்கு, மாத்திரைக்கு எல்லாவற்றுக்கும் சண்டை போட்ட மனுஷன். எரிந்துபோய்விட்டது என்று பொய் சொல்லிவிட்டு, எரியாத பெட்டிமேல் மாத்திரையை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தாரா?

"வயர் எந்தக் கனத்துல வேணும் மேடம்?" என்று கேட்டாள்.

லீலெட் அவளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"சுண்டுவிரல் கனம். நீளத்தைக் குறைச்சுக்கோ, பவர் சப்ளையை ஆம்ப்ளிபையரை ஒட்டினாப்பல வை. இங்க ஒரு சின்னத் திருகாணி இருக்கு பாரு, இதைத் திருப்பிப் பதிமூணு புள்ளி எட்டு வோல்ட்டுல வை. வண்டி ஓடறப்ப அவ்வளவுதான் இருக்கும், செட்டு அதுக்குத்தான் பழகியிருக்கும். சவப்பெட்டி விளக்கு ஓடற லைன்ல சொருகாதே. பக்கத்து வீட்டுலேர்ந்து தனியா இழுத்துக்கோ. வேற யாரையும் தொட விடாதே."

"எங்க சித்தப்பா இருக்கார்."

"அவரை முக்கியமா விடாதே."

பவர் சப்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கனமாக இருந்தது. பெர்திங் ஓடி வந்து அட்டைப்பெட்டியைப் பிரிக்கப் பார்த்தார்.

"தொடாதீங்க சித்தப்பா."

"உனக்கு பிளஸ் மைனஸ் தெரியுமா இந்தாய்?"

"தெரியும்."

"மாத்திக் குடுத்தா எல்லாம் புகைஞ்சுடும்."

"மாத்திக் குடுக்க மாட்டேன். பாட்டரியை எடுத்துட்டுப் போய் எந்த லாரியில கழட்டினீங்களோ அங்கயே மாட்டுங்க. அந்த டிரைவர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டார்."

பெர்திங் முணுமுணுத்துக்கொண்டே பாட்டரியைத் தூக்கினார். தரையில் உட்கார்ந்து ஆம்ப்ளிபையரைத் தன் பக்கம் இழுத்தாள் ரெமலின். சித்தப்பா முறுக்கி வைத்திருந்த வயர்களையெல்லாம் பிரித்தெறிந்தாள். அப்பா கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த பழைய ஸ்பீக்கர் வயர்களை எடுத்தாள். ஒவ்வொரு முனையிலும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் வாலை அவர் உள்பக்கமாக ஒரு மடிப்பு மடித்துவிட்டிருந்தார், பின்னால் யாராவது பிரித்தால் நகம் உடையாமல் வரவேண்டும் என்பதற்காக. இழுத்ததும் வந்தது.

சாயங்கால ஜெபம் முடிந்து பெண்கள் போன பிறகு அம்மா நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"வாங்கிட்டியா?"

"ம்."

"எத்தனை?"

"அறுபது."

"போதுமா?"

"போதும்."

அம்மா பவர் சப்ளையைக் கால் பெருவிரலால் தொட்டுப் பார்த்தாள். ரெமலின் திருகாணியை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"பெட்டி எரியலைம்மா."

"தெரியும்."

திருப்புளி நின்றது.

"தினமும் அதைத் துடைக்கறவ நான். எரிஞ்ச வாடை எனக்குத் தெரியாதா? ஏன்யா பொய் சொல்றீங்கன்னு கேட்டேன். புள்ள தூங்கட்டும்னார்."

"ஒரு வருஷமா? என்கிட்ட சொல்லவேயில்லையே நீங்க ரெண்டு பேரும். இந்த வீட்டுல எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டீங்க!"

"நீ திறந்தியா?" என்றாள் அம்மா.

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எழுந்து போய், அணையப்போகிற மெழுகுவர்த்தியிலிருந்து புதிதாக ஒன்றைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே தெரு நிறைந்துவிட்டது. லா பாஸ் தடத்து வண்டிகள் கறுப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் சலவை செய்த சட்டை போட்டிருந்தார்கள். குலாஸ் வாசற்படியில் நின்று, "ஓடுமா?" என்று பெர்திங்கிடம் கேட்டார். "என்னைக் கேக்காதே, எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் பெர்திங்.

ரெமலின் பக்கத்து வீட்டு வயரைச் சொருகினாள். உள்ளே விசிறி சுழன்றது. வோல்ட் மீட்டரைப் பார்த்தாள். பதிமூன்று புள்ளி எட்டு. ரோமல் போனில் இருந்தான். போனை ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே ரொட்டி டப்பாவின்மேல் சாய்த்து வைத்தாள். "வயர் சுடுதான்னு தொட்டுப் பாரு" என்றான். "இன்னும் போடவே இல்லண்ணே" என்றாள். அப்பாவின் பென்டிரைவ் பிளேயரிலேயே இருந்தது. என்ன பாட்டு என்று தேடாமல், நின்ற இடத்திலிருந்து ஓடவிட்டாள்.

பழைய காதல் பாட்டு. யாரோ ஒரு ஓட்டுநர் சிரித்தார். குமிழைத் திருப்பினாள். ஐந்து. பத்து. பதினைந்தில் பெட்டி கண் விழித்தது. இருபதில் தகரக்கூரை அதிர ஆரம்பித்தது. ஆணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்குவது கேட்டது. தரையில் கிடந்த கடலைத் தோல்கள் நகர்ந்தன. அடி நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து விழுந்தது. எங்கும் விக்கவில்லை. எங்கும் மூச்சு வாங்கவில்லை. சின்ன வயதில் எந்தச் சத்தத்துக்காகத் தெரு மாறிப் போனாளோ அது அவள் முழங்கால் வழியாக ஏறியது.

குலாஸ் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெர்திங் இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தெருமுனையில் பாதிரியார் குடையோடு வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அப்போது அம்மா எழுந்தாள்.

ஐந்து நாளாக உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து, சவப்பெட்டியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். கண்ணீர் கண்ணாடியில் விழக் கூடாது என்பதால் கைக்குட்டையை மோவாய்க்கு அடியில் ஏந்திக்கொண்டாள். உதடு அசைந்தது. பேசினாள். முதலில் ஒரு விரலை ஆட்டிக்கொண்டு, வேகவேகமாக, யாரையோ வைகிறவள்போலப் பேசினாள். சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு விரலை மடக்கிக்கொண்டாள். நிதானமாகப் பேசினாள். நடுவில் ஒரு தடவை சிரித்ததுபோல இருந்தது.

பாதிரியார் வாசலுக்கு வந்துவிட்டார். குடையை மடக்கிக்கொண்டு, ரெமலினைப் பார்த்துக் குறைக்கும்படி கையால் காட்டினார். அவள் சவப்பெட்டிப் பக்கம் பார்த்தாள். அம்மா இன்னும் பேசி முடிக்கவில்லை.

ரெமலின் குமிழை இன்னும் இரண்டு புள்ளி ஏற்றினாள்.